மைக்செட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க, தம்பி?

பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும். மதுரைக்குக் கிழக்கே ஓர் ஊரில், பறைக் கலைஞர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்கும் வயது அவருக்கு. சுற்றுப்பக்கத்தில் சின்னஞ்சிறுசுகள் எல்லாம் அவரை ஆசான் என்றுதான் கூப்பிடும். தோல் தளர்ந்த பறை ஒன்றை மடியில் வைத்துக் கட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். அதனால் எனக்கும் கேட்டது.

"ஐயா, எங்க காலேஜ்ல சமத்துவப் பொங்கல் வைக்கிறோம். உங்க குழு வந்து பறை அடிக்கணும். பெரிய மேடைங்கய்யா. டிவிக்காரங்க வர்றாங்க. வீடியோ எடுத்து யூடியூப்ல போடுவோம். உங்க பேரு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"சந்தோசம் தம்பி. எத்தன பேரு வரணும்?"

"பத்துப் பேரு வந்தா நல்லா இருக்கும்யா."

"சம்பளம்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அதுக்குப் பட்ஜெட் இல்லங்கய்யா. சாப்பாடு உண்டு. மேடையில சால்வை போட்டுக் கேடயம் கொடுத்துருவோம்."

"சரி. பந்தலு, மேடை, மைக்செட்டெல்லாம்?"

"அதெல்லாம் டவுன்ல பேசி அட்வான்ஸ் கொடுத்தாச்சுங்கய்யா."

"மைக்செட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க, தம்பி?"

அந்தப் பக்கம் பதில் இல்லை. சாரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அந்த மாணவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஆசான் கோபப்படவில்லை. "மைக்செட்டுக்காரன்ட்ட போயி, ஒன் ஸ்பீக்கரு பேரு ஊரெல்லாம் தெரியும், காசு வேணாம்னு சொல்ல முடியுமாய்யா? எங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்ல வருது?" என்றார். பிறகு பறையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாணவர் கெட்ட பிள்ளை இல்லை. சமத்துவப் பொங்கலுக்குப் பறை வேண்டும் என்று நினைத்ததே நல்ல மனசுதான். நம் தெருப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல் அவர் வாயில் வந்த பேச்சு, நம் தாத்தன்மார் காலத்திலிருந்து வருகிற பேச்சு.

பத்துப் பேரின் ஒரு நாள்

பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். அதில் கொத்தனார் இருப்பார், சித்தாள் வேலைக்குப் போகிறவர் இருப்பார், சுமை தூக்குகிறவர் இருப்பார், படித்துக்கொண்டே வார இறுதியில் வேலைக்குப் போகும் பையன் இருப்பான். மாதச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அந்தக் குறைந்த கணக்கை வைத்துப் பார்த்தாலே பத்துப் பேர் ஒரு நாள் வேலையை விட்டால் 3,190 ரூபாய் போகிறது. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு இழப்பு இதைவிட அதிகம். ஒத்திகைக்கு ஒரு நாள், நிகழ்ச்சிக்கு ஒரு நாள் என்றால் அது இரண்டு மடங்கு.

இதோடு பறைக்கு ஆகும் செலவு இருக்கிறது. வேம்பு, பலா போன்ற மரத்தில் மூன்று துண்டு அறுத்து, வளைவாகச் சேர்த்து, இரும்புத் தகடு அடித்துக் கட்டை செய்ய வேண்டும். தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசை தடவி, இழுத்துக் கட்டி, வெயிலில் காய வைக்க வேண்டும். மழையில் நனைந்தால் தோல் போச்சு. ஒவ்வொரு முறை அடிக்கும் முன்னும் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் உடைந்துகொண்டே இருக்கும். சலங்கை, உடுப்பு, வேன் வாடகை எல்லாம் தனி. கூட்டத்துக்கு வந்தவர் கேட்கிற அந்த அரை மணி நேரச் சத்தத்துக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

ஆகவே சும்மா நடந்த கலைநிகழ்ச்சி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. செலவு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கல்லூரி கொடுக்காதபோது கலைஞர் தன் வீட்டு அரிசியிலிருந்து கொடுக்கிறார். வேறு வார்த்தையில் சொன்னால், அந்த மேடையின் புரவலர் பறையடித்தவர்தான். சால்வையை அவர்தான் மற்றவர்களுக்குப் போட்டிருக்க வேண்டும்.

களத்துமேட்டுச் சுதந்திரம்

சம்பளம் கேட்டதும் அந்த மாணவர் தயங்கினார் அல்லவா, அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பறை அடிப்பதற்குக் கூலி உண்டு என்ற நினைப்பே ஊருக்கு வராத காலம் ஒன்று இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்க வேண்டும், அயலூர் உறவுகளுக்குச் சேதி சொல்ல வேண்டும், மாடு செத்தால் தூக்க வேண்டும், கோயில் கொடைக்கு அடிக்க வேண்டும், தண்டோரா போட வேண்டும். இதெல்லாம் ஊழியம். சில ஊர்களில் பறையர், சில ஊர்களில் அருந்ததியர் என்று ஆள் மாறலாம். வேலை மாறாது. இன்றைக்கு உடம்பு சரியில்லை, வேறு வேலை இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இதற்குப் பதிலாக அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் கொஞ்சம் நெல் அளப்பார்கள். ஊர்ப் பணியாளர்களுக்குக் களத்தில் கொடுக்கும் அந்தப் பங்குக்கு மேரை என்று ஒரு பெயர் உண்டு. இன்னொரு பெயர் 'சுதந்திரம்'. பழைய வருவாய்த்துறைப் பதிவுகளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. மறுத்துப் பேசச் சுதந்திரம் இல்லாதவனுக்குக் கொடுத்த நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்! அளவை முடிவு செய்கிறவர் நிலக்காரர். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு என்ற கணக்கு கிடையாது. கொடுப்பது பிரியம், வாங்குவது பாக்கியம்.

அந்த முறையை எதிர்த்துத்தான் நம் மக்கள் பறையைத் தூக்கிப் போட்டார்கள். 1980களிலும் 90களிலும் தமிழகத்தின் பல ஊர்களில், இனி சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று கூடி முடிவெடுத்தார்கள். சில இடங்களில் பறையை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். அப்படி மறுத்தவர்களுக்கு வயல் வேலை நிறுத்தப்பட்டது, கடையில் சாமான் மறுக்கப்பட்டது, நடக்கும் பாதை அடைக்கப்பட்டது. அடி வாங்கினார்கள். அந்த அடி சும்மா வாங்கியது இல்லை. நான் அடிப்பதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்ற ஒரு வரிக்காக வாங்கியது.

சட்டமும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கூலி கொடுக்காமல் வேலை வாங்கும் பேகார் முறையைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ அப்படி வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. தண்டோராவை நிறுத்தச் சொல்ல 2022 வரை ஆனது.

1982இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களுக்காக மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு போட்ட வழக்கு அது. அவர்கள் சம்மதித்துத்தானே குறைந்த கூலிக்கு வேலைக்கு வந்தார்கள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பசியும் வறுமையும் நெருக்கி ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைக்குச் சம்மதித்தால், அந்த நெருக்கடியும் கட்டாயம்தான் என்றது. பொங்கல் மேடைக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சட்டம் பேச வரவில்லை. 'அவரே சம்மதித்தார்' என்று சொல்லும்போது அந்தச் சம்மதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறது அந்தத் தீர்ப்பு. அந்தக் கேள்வி நமக்கும் பொருந்தும்.

அம்பேத்கர் கேட்ட கணக்கு

இதே கணக்கை 1928இல் ஒருவர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கேட்டார். மகாராட்டிரத்தில் மகர் மக்களுக்கு 'வதன்' என்று ஒரு முறை இருந்தது. ஊருக்கும் அரசாங்கத்துக்கும் இரவு பகல் பாராமல் ஏவல் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு துண்டு நிலம், ஊரார் கொடுக்கும் 'பலுதா' என்கிற தானியம். நம் களத்துமேட்டு நெல்லுக்கு அண்ணன் தம்பிதான் இந்தப் பலுதா. குடும்பத் தலைவன் இல்லையென்றால் வீட்டில் இருக்கிற வேறு யாரையாவது வேலைக்கு இழுத்துக்கொள்வார்கள்.

அண்ணல் அம்பேத்கர் இந்த முறையை மாற்ற ஒரு மசோதா கொண்டு வந்தார். மகர்கள் விரும்பினால் இந்த ஊழியத்திலிருந்து விடுபட வழி வேண்டும், வேலை என்ன என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும், தானியத்துக்குப் பதில் பணமாக வர வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. அந்த மசோதா அப்போது நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் கோரிக்கைகளைப் பாருங்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், வேண்டாம் என்றால் விலகலாமா? பறைக் குழுவை அழைக்கும் எவரும் முதலில் பேச வேண்டியதும் இந்த மூன்றும்தான்.

சாவுக்குக் காசு, பண்பாட்டுக்குச் சால்வை

இப்போது என் மனதை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். பறையைச் சாவு மேளம் என்று சொல்லாதே, அது விடுதலையின் இசை என்று நாங்கள் மேடையில் முழங்கினோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னோம். சாவு வீட்டுக்குப் போகாதே, மேடைக்கு வா என்று இளைஞர்களை அழைத்தோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் 1990 முதல் தலித் பெண்கள் பறை எடுத்து ஆடியபோது, ஆண்கள் மட்டுமே தொட்ட பறை அவர்கள் தோளில் ஏறியது. மதுரையில் தலித் கலை விழாக்கள் நடந்தபோது படித்த பிள்ளைகள் பறையைக் கையில் எடுக்க முன்வந்தார்கள். இதெல்லாம் உண்மையான மாற்றங்கள். நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் ஆசான் ஒரு நாள் என்னிடம் கேட்டார். "சாவுக்கு அடிச்சாக் காசு கொடுக்குறான். நீங்க பண்பாட்டுக்கு அடிக்கச் சொல்றீங்க, சால்வை கொடுக்குறீங்க. வீட்ல பொம்பள சால்வையை வச்சு ஒல கொதிக்க வைக்க முடியுமாய்யா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்று சாவு வீட்டில்கூடக் குழுவோடு முன்பணம் பேசி, தொகை முடிவு செய்துதான் அழைக்கிறார்கள். களத்துமேட்டு நெல்லிலிருந்து ரொக்கத்துக்கு வந்தது நம் மக்களின் போராட்டத்தால்தான். சாதி இழிவு சுமந்த இடத்தில் ரூபாய் கிடைக்கிறது. சுயமரியாதை பேசும் இடத்தில் கிடைக்கவில்லை. அப்படியானால் நாம் அந்தக் கலைஞரிடம் சொல்வது என்ன? மானமாக இருக்க வேண்டுமானால் பட்டினியாக இரு என்கிறோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் அவர் மறுபடி சாவு வீட்டுக்குப் போனால், அவரைப் பார்த்து 'இன்னுமா திருந்தவில்லை' என்று கேட்கும் தகுதி நமக்கு இருக்கிறதா?

சாவுக்கு அடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அடிக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அந்த முடிவில் அவர் நிலைத்து நிற்க, வேறிடத்தில் அவருக்கு வருமானம் வேண்டும். கூலி கொடுக்காத மேடை அவரைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இல்லையென்றால் பறையை ஆணியில் மாட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புகிறது.

பேர் கிடைத்தவர்கள்

பேர் கிடைத்தால் பின்னால் காசு தானாக வரும் என்பது அடுத்த வாதம். சிலருக்கு வந்திருக்கிறது. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறைக்கு நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்று வந்ததில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பல பத்தாண்டுகள் அடித்தும் ஆடியும் சொல்லிக் கொடுத்தும் வந்த மனிதருக்குக் கிடைத்த மரியாதை அது. ஒரு வீடியோவில் வந்த பேர் இல்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகனின் தந்தையாக நடித்தவர் நெல்லை தங்கராஜ். தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடிய உண்மையான கலைஞர். அந்தக் காட்சியைப் பார்த்து அழாதவர் குறைவு. தமிழ்நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது. அதன் பின்னும் அவர் குடிசையில்தான் இருந்தார். அந்த நிலை செய்தியாக வெளிவந்த பிறகு, 2021இல் மாவட்ட நிர்வாகமும் தமுஎகச தோழர்களும் முயற்சி எடுத்து அவருக்கு வீடு கிடைக்கச் செய்தார்கள். 2023 பிப்ரவரியில் அவர் காலமானார். ஒரு கூத்துக் கலைஞரின் ஆயுசு முழுவதும் ஆடிய ஆட்டத்துக்கு, ஒழுகாத ஒரு கூரை கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் கிடைத்தது. புகழ் அதைக் கொண்டு வரவில்லை. நாலு பேர் அலைந்துதான் கொண்டு வந்தார்கள்.

இணையப் புகழுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு. நிலமற்ற நம் முன்னோரின் கதையை அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் இசை. யூடியூபில் பார்த்தவர் எண்ணிக்கை பல கோடி. அந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வருமானம் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் கேட்ட பாட்டுக்கே நிலைமை இது என்றால், கல்லூரி யூடியூப் பக்கத்தில் ஏறும் நம் ஆசானின் பத்து நிமிட வீடியோவால் என்ன வந்துவிடப் போகிறது?

எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஆசானை அழைத்த அந்தக் கல்லூரிக்கு, கடைசியில் வேறொரு குழு சும்மா போய் அடித்தது. அது அவருடைய தங்கை மகன் சேர்த்த புதுக் குழு. வீடியோ நன்றாக ஓடியது. அடுத்த மாதத்துக்குள் மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றும் சம்பளம் இல்லாத அழைப்புகள். "அந்தக் காலேஜுக்குச் சும்மாதானே போனீங்க?" என்று கேட்டார்களாம். சும்மா அடித்ததால் வந்த பேர், சும்மா அடிப்பவன் என்ற பேர். மாமனின் கூலியையும் அது சேர்த்துக் குறைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பாட்டு பாடுகிறவர், ஓவியம் வரைகிறவர் எல்லோருக்கும் விளம்பரம் என்றால் வெளிச்சம்தான். பறை அடிப்பவருக்கு அது அப்படியே இல்லை. பேப்பரில் படம் வந்ததும், 'மேடையில அடிக்கிறவன் எங்க வீட்டுச் சாவுக்கு வர மாட்டியா?' என்று ஊரில் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாதியைச் சொல்லாமல் விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் மேடையில் பறையோடு நின்ற மறுநாள், அவனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் இடம் மாறி உட்கார்ந்த கதை எனக்குத் தெரியும். பேர் கிடைக்கும் என்று சொல்கிறவர்கள், எங்களுக்கு ஊர் ஏற்கெனவே ஒரு பேர் வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

கேட்டு வாங்கிய மரபு

கலையை விலை பேசலாமா, அது தெய்வீகம் அல்லவா என்று சில தமிழாசிரியர்களே கேட்கிறார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு, பரிசில் பெற்ற கலைஞர் பெறாத கலைஞருக்கு வழி சொல்பவை. எந்த ஊருக்குப் போனால் எந்தத் தலைவன் என்ன கொடுப்பான் என்ற தகவலைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் சக கலைஞனுக்குச் சொல்கிறார்கள். பொருநராற்றுப்படையில் தடாரிப் பறையோடு போன பொருநனுக்குக் கரிகாலன் என்ன கொடுத்தான் என்று பாருங்கள். கந்தல் உடுப்பை மாற்றி நல்ல ஆடை கொடுக்கிறான். பல் தேயும் அளவுக்கு இறைச்சி ஊட்டுகிறான். பொன்னும் குதிரை பூட்டிய தேரும் கொடுத்து, ஏழு அடி பின்னால் நடந்து வழியனுப்புகிறான். மரியாதையும் பொருளும் அங்கே சேர்ந்தே வருகின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை.

புறநானூற்றில் 208ஆம் பாட்டு இன்னும் கூர்மையானது. அதியமான் தன்னைப் பார்க்காமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்பினான் என்பதற்காகப் பெருஞ்சித்திரனார் அதை வாங்க மறுத்தார். தன் திறமையை அறிந்து கொடுத்தால் கொஞ்சமாக இருந்தாலும் போதும் என்றார். வறுமையில் கிடந்த புலவர் அவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை கலைஞனிடம் இருந்தது. அந்த உரிமைதான் பிற்காலத்தில் களத்துமேட்டில் பறிபோனது. 335ஆம் பாட்டில் துடியனோடும் பாணனோடும் கடம்பனோடும் சிறந்த குடிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்ட பறையன், ஊர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டதும் பிற்காலத்தில்தான். கலைக்குக் கூலி கேட்பது மரபை மீறுவது இல்லை. கூலி கொடுக்காமல் அடிக்கச் சொன்னதுதான் இடையில் வந்த மரபுமீறல்.

நாங்கள் செய்த தவறு

கல்லூரிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் அமைப்பின் சார்பில் அம்பேத்கர் பிறந்தநாள் விழா நடத்தினோம். வசூல் புத்தகத்தை நான்தான் வைத்திருந்தேன். மேடைக்குக் கொடுத்தோம். டியூப்லைட்டுக்குக் கொடுத்தோம். பிளெக்ஸுக்குக் கொடுத்தோம். சென்னையிலிருந்து வந்த பேச்சாளருக்குக் கார் வைத்து, விடுதி அறை போட்டோம். எட்டுப் பேர் கொண்ட பறைக்குழு ஊர்வலத்தின் முன்னால் மூன்று மணி நேரம் அடித்து வந்தது. அவர்களுக்குத் துண்டு போட்டோம், டீ கொடுத்தோம். நம்ம விழாதானே, நம்ம ஆளுகதானே என்று நினைத்தேன்.

இரவு பதினோரு மணிக்கு மேல் பந்தல் பிரிக்கும்போது குழுவில் மூத்தவர் என்னிடம் வந்தார். "தோழர், கடைசிப் பஸ்ஸு போயிருச்சு. ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் ஏதாவது கொடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார். வசூல் புத்தகத்தில் மீதி இருந்தது நூற்றுச் சொச்சம். என் சட்டைப் பையில் இருந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். அந்தக் கும்பிடு என் பாட்டன் களத்துமேட்டில் போட்ட கும்பிடு. அதை எனக்குப் போட வைத்தேன். அதுவும் அண்ணல் படத்துக்கு முன்னால். அடுத்த ஆண்டு அந்தக் குழு இல்லை. இரண்டு பேர் கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தும் நாம், அந்த நிகழ்ச்சியில் பாடியவருக்குக் கூலி கொடுக்காமல் அனுப்பினால் அந்த வணக்கத்துக்கு என்ன அர்த்தம்?

சும்மா அடிக்கவே கூடாதா?

அப்படி இல்லை. ஓர் ஊரில் வன்கொடுமை நடந்து, நீதி கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்திருக்கும்போது பறையோடு வந்து நிற்கும் கலைஞர் காசு கேட்பதில்லை. அங்கே யாரும் காசு வாங்குவதில்லை. வழக்கறிஞரும் சும்மா வருகிறார், சமைப்பவரும் சும்மா சமைக்கிறார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அன்புக்காக அடிப்பதும், தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக் கொடுப்பதும் அவரவர் விருப்பம். கொடுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

எந்த இடத்தில் சும்மா அடிக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பதற்கு நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். அந்த மேடையில் வேறு யாராவது பணம் வாங்குகிறார்களா? வர முடியாது என்று சொன்னால் கலைஞருக்கு ஏதாவது கெடுதல் வருமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது தோழமை. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அது பழைய ஊழியம்தான்.

சென்னை மார்கழிக் கச்சேரிகளிலும் இளம் வித்வான்கள் போக்குவரத்துச் செலவுகூட வராமல் பாடுகிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். அதுவும் அநியாயம்தான். ஆனால் பத்து வருடம் காத்திருக்க வீட்டில் வசதி உள்ளவர் காத்திருப்பார். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளை பத்து வாரம்கூடக் காத்திருக்க முடியாது. அப்படிச் சும்மா பாட முடிந்தவர்களுக்குத்தான் மேடை என்று ஆகிவிட்டால், நாளைக்குப் பறையிலும் வசதி உள்ளவர்கள்தான் மிஞ்சுவார்கள். அதைக் காப்பாற்றியவர்கள் வெளியே நின்று பார்ப்பார்கள்.

மாணவர்களுக்குச் சில வார்த்தை

கல்லூரியில் விழா நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு. பறைக் குழுவை அழைப்பதை நிறுத்திவிடாதீர்கள். அழைக்கும் முறையை மாற்றுங்கள். செலவுக் கணக்கு எழுதும்போது முதல் வரியில் கலைஞர் சம்பளத்தை எழுதுங்கள், பந்தலும் பூவும் பிறகு வரட்டும். பணம் குறைவாக இருந்தால் அதைச் சொல்லி, பத்துப் பேருக்குப் பதில் நான்கு பேரை அழையுங்கள். நான்கு பறை போதும், ஊர் அதிரும். தொகை, நேரம், போக்குவரத்து ஆகியவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள். பாதியை முன்பணமாகக் கொடுங்கள். மீதியை அவர்கள் வேனில் ஏறும் முன் கொடுத்துவிடுங்கள். 'பில் பாஸ் ஆகட்டும்' என்று மூன்று மாதம் அலைய விடாதீர்கள். உடை மாற்ற ஓர் அறை, குடிக்கத் தண்ணீர், பறை காய்ச்ச ஓர் இடம், மற்ற விருந்தினர் சாப்பிடும் பந்தியிலேயே சாப்பாடு. இவை சலுகை இல்லை. வீடியோ எடுத்து வெளியிடுவதானால் அவர்களைக் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். குழுவின் பெயரையும் தொடர்பு எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, அதில் போடுங்கள். உண்மையான விளம்பரம் அதுதான்.

கலைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவி உண்டு. கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். அதைவிட முக்கியம், ஒரே வட்டாரத்தில் இருக்கும் குழுக்கள் உட்கார்ந்து பேசி, இதற்குக் கீழே போக மாட்டோம் என்று ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். ஆற்றுப்படை காலத்துக் கலைஞர் சக கலைஞருக்குக் கொடுப்பவர் யார் என்று சொன்னார். நாம் கொடுக்காதவர் யார் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்வோம்.

போன வாரம் மறுபடி அந்தத் திண்ணைக்குப் போனேன். ஆசானின் மருமகன் வந்திருந்தான். மாமனிடம் சாமிச்சாட்டு அடி கற்றுக்கொண்டிருந்தான். நடுவில் அவனுக்கு ஓர் அழைப்பு. ஏதோ கலை விழா. அவன் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினான். பாதிதான் என் காதில் விழுந்தது.

"வர்றோம் சார். மொதல்ல ஒன்னு சொல்லுங்க. மைக்செட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?"

ஆசான் தலையை நிமிர்த்தவில்லை. வைக்கோலைப் பற்றவைத்துப் பறையைக் காய்ச்சத் தொடங்கினார்.